மின்வேலிக்கு ஊராட்சியின் அனுமதி வேண்டும்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையானாலும் சரி, கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையானாலும் சரி, இருபுறமும் வயல் மட்டுமே இருந்த காலம் போய்விட்டது. கிராவல் அடித்து மேடாக்கிய மனைகளில் நெல் கிடங்குகள், உரக் கிடங்குகள், மரவாடிகள், டிராக்டர் விற்கும் கூடங்கள், கல்யாண மண்டபங்கள் எழுந்துவிட்டன. அவற்றின் சுற்றுச்சுவர்மேல் நாலைந்து வரிசைக் கம்பி ஓடுகிறது. சுவர் கட்டாத இடங்களில் கல்தூண்களுக்கு நடுவே ஓடுகிறது. சில கம்பிகளில் மின்சாரம் உண்டு. எதில் உண்டு, எதில் இல்லை, இருந்தால் அது எப்படிப்பட்ட மின்சாரம் என்பதைச் சாலையில் நடந்துபோகிறவர் கண்டுபிடிக்க வழியில்லை. ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் மின்வேலை செய்து பிழைக்கிற என்னாலேயே வெளியில் நின்று பார்த்துச் சொல்ல முடிவதில்லை.

வணிக இடங்களின் மின்வேலியை எங்கள் பக்கத்து ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் இதுவரை தங்கள் வேலையாகவே நினைக்கவில்லை. அதைத் தடை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. அனுமதி கொடுங்கள், பதிவேட்டில் ஏற்றுங்கள், ஆண்டுதோறும் வந்து பாருங்கள், பார்த்ததற்கு அடையாளமாக ஓர் எண்ணை வேலியிலேயே மாட்டச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். தடை போட்டால் நடக்கப் போவது எனக்குத் தெரியும். பெட்டி வாங்க நினைத்தவர் அதை வாங்கமாட்டார். இரவில் யாருக்கும் தெரியாமல் மெயினிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கம்பியில் சுற்றிவிடுவார்.

பெட்டி என்று நான் சொல்வது எனர்ஜைசரை. முறையான வேலியில் மின்வாரியத்தின் 230 வோல்ட் நேராகக் கம்பிக்குள் வருவதே இல்லை. எனர்ஜைசர் நடுவில் உட்கார்ந்து, பேட்டரியிலிருந்தோ சோலார் தகட்டிலிருந்தோ மின்சாரத்தை வாங்கிச் சேர்த்துவைத்து, துடிப்புத் துடிப்பாகக் கம்பிக்குள் விடுகிறது. துடிப்பின் அழுத்தம் 5,000 வோல்ட்டிலிருந்து 10,000 வோல்ட் வரை போகலாம். ஆனால் ஒரு துடிப்பு நொடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் நீடிக்கக் கூடாது. அடுத்த துடிப்பு வர ஒரு நொடியாவது ஆக வேண்டும். 500 ஓம் தடையில் ஒரு துடிப்பு இறக்கும் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது. ஐ.இ.சி. 60335-2-76 என்ற பன்னாட்டுத் தரத்தின் வரம்புகள் இவை. இதற்கு இணையான இந்தியத் தரம் ஐ.எஸ். 302-2-76. தொட்டவருக்குச் சுள்ளென்று ஓர் அடி விழும், கையை உதறிக்கொள்ள ஒரு நொடி கிடைக்கும், அவர் விலகிவிடுவார். அந்த ஒரு நொடிதான் இந்தக் கருவியின் உயிர்நாடி.

நேராக இழுத்த 230 வோல்ட் அந்த ஒரு நொடியைக் கொடுக்காது. ஈரக் கையோடு வெறுங்காலில் நிற்பவரின் உடல்தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அவர் உடம்பில் 230 மில்லி ஆம்பியர் பாயும். வீட்டில் நாம் மாட்டுகிற ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும்படி அமைந்தது. அதற்கு மேல் போனால் இதயம் தாங்காது என்பதுதான் அந்த அளவுக்குக் காரணம். நொடிக்கு 100 முறை திசை மாறும் மின்சாரத்தில் தசை இறுகிவிடுகிறது. கம்பியைப் பிடித்த கை விடாது.

ஆகவே 8,000 வோல்ட் என்று எழுதிய வேலியைத் தொட்டவர் பிழைத்துக்கொள்கிறார், எதுவும் எழுதாத வேலியைத் தொட்டவர் செத்துப்போகிறார். வயல்காரர்களிடமும் கிடங்கு முதலாளிகளிடமும் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். பலருக்கு வோல்ட் எண்தான் பயம். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, "அவ்வளவு வேண்டாம் தம்பி, வீட்டுக்கரண்டே போதும்" என்று சொன்ன ஒரு மண்டிக்காரரை நான் பார்த்திருக்கிறேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. யாருக்கும் கெடுதல் வரக் கூடாது என்று நினைத்தே அப்படிச் சொன்னார்.

காவிரி டெல்டாவுக்கு இந்தச் சாவு புதிதும் இல்லை. எலிக்கும் பன்றிக்கும் வயலைச் சுற்றிக் கம்பி இழுத்துவிட்டு, விடியற்காலையில் தண்ணீர் பார்க்கப் போனவரோ பக்கத்து வயல்காரரோ அதே கம்பியில் மாண்டுபோகும் செய்தியைப் படிக்காத சம்பா பருவம் எனக்கு நினைவில்லை. எலி பிடிக்க மூங்கிலை வளைத்துச் செய்த தஞ்சாவூர்க் கிட்டி என்ற பொறி இதே மண்ணில் பிறந்தது. உயிருக்கு அஞ்சாமல் யாரையும் வயலில் இறங்க விட்ட கருவி அது. கிட்டி கட்டத் தெரிந்த ஆட்கள் குறைந்து, அந்த இடத்தில் வயர் வந்து உட்கார்ந்துவிட்டது.

வயல்வேலிக்கும் வணிக வேலிக்கும் சட்டத்தின் கண்ணில் ஒரு வேறுபாடு இருக்கிறது. நான் சொல்ல வந்ததில் பாதி இந்த வேறுபாட்டைப் பற்றியது. வயலில் கம்பி இழுப்பவர் பெரும்பாலும் பம்புசெட்டின் இலவச மின்சாரத்தை எடுக்கிறார், இல்லையென்றால் லைனில் கொக்கி போடுகிறார். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு மின்திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. கொடுத்த நோக்கத்தை விட்டு வேறு வேலைக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால் 126ஆம் பிரிவு இருக்கிறது. மின்வாரியத்தின் பறக்கும் படை வந்தால் பிடிக்க ஏதோ ஒரு பிடி உண்டு. கிடங்கு முதலாளி அப்படி இல்லை. அவருடைய மீட்டர் வணிக மீட்டர், ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் அவர் பணம் கட்டுகிறார். திருட்டுப் பிரிவு அவரைத் தொடுவது கடினம். மின்பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை அவர் மீறுகிறார் என்பது உண்மைதான். ஆனால் சுற்றுச்சுவருக்கு உள்ளே, மீட்டருக்கு அப்பால் நடப்பதை யாரும் புகார் இல்லாமல் வந்து பார்ப்பதில்லை. யாராவது செத்த பிறகு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு வருகிறது, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு 5 ஆண்டு வரை சிறை. செத்தவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

யானைக்கு ஒரு விதி இருக்கிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விவசாய நிலத்தில் போட்டிருந்த சட்டவிரோத மின்வேலியில் 3 யானைகள் இறந்தன. கூட வந்த 2 குட்டிகள் தப்பின. அந்த ஆண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் விதிகளைக் கொண்டுவந்தது. புதிய வேலிக்கு முன்அனுமதி, பழைய வேலிக்குப் பதிவு, இந்தியத் தரத்துக்கு உட்பட்ட கருவி என்று தேவையான எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலிகளுக்கு உரியது. டெல்டாவில் காடு என்று சொல்ல முத்துப்பேட்டை அலையாத்தியும் கோடியக்கரையும் அவற்றை ஒட்டிய சில இடங்களும்தான். அந்தப் பக்கத்து இறால் பண்ணைகள் சில இந்த விதிக்குள் வரலாம். பாபநாசத்தில் இருக்கும் உரக் கிடங்கோ கொரடாச்சேரியில் இருக்கும் அரிசி ஆலையோ வராது. யானை நடமாடும் இடத்தில் வேலிக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று யோசித்து எழுதிய அரசு, மாடும் ஆடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடமாடும் இடத்துக்கு அதைச் செய்யாமல் விட்டிருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பாசன வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு கிடங்கு. கரை பொது நிலம். அதில்தான் வயலுக்குப் போகிறவர்கள் நடக்கிறார்கள், சுடுகாட்டுப் பாதையும் அதுவே. கிடங்கின் பின்பக்கத்துக் கம்பி கரையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது. ஒரு மூதாட்டியின் வெள்ளாடு கம்பியில் பட்டு அங்கேயே விழுந்து செத்தது. அவர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். மின்சாரம் தங்கள் பொறுப்பு இல்லை, மின்வாரியத்தில் கேளுங்கள் என்றார்கள். மின்வாரிய அலுவலகத்தில், மீட்டருக்கு உள்ளே நடப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு, காவல் நிலையத்தில் சொல்லுங்கள் என்றார்கள். காவல் நிலையத்தில், ஆட்டுக்கு விலை பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவரும் முடித்துக்கொண்டார். கிடங்குக்காரர் பணம் கொடுத்தார். கம்பி அப்படியே இருந்தது.

"ஆடு போனால் போகட்டும் தம்பி, என் பேரன் அந்த வழியாகத்தான் தூண்டில் எடுத்துக்கொண்டு போகிறான்" என்று அவர் என்னிடம் சொன்னார். அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். மின்விபத்தில் மனிதர் மட்டுமல்ல, விலங்கு இறந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அரசின் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு விதி சொல்கிறது. மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி அதை விசாரிக்கவும் முடியும். இன்னும் விபத்து நடக்காமல் ஆபத்து மட்டும் இருக்கிறது என்றால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 ஆக இருந்தது, பொது வழிக்கு இடையூறும் ஆபத்துமான பொருளை அகற்ற உத்தரவிடும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கிறது. அந்தப் பின்பக்கக் கம்பி இப்போது இல்லை. மனு போட்டதும் கிடங்குக்காரர் தாமாகவே கழற்றிவிட்டார்.

ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு மூதாட்டி கோட்டாட்சியர் அலுவலகம்வரை நடக்க முடியாது. கோட்டாட்சியருக்கு எந்தக் கரையில் எந்தக் கிடங்கு என்று தெரியாது. ஊராட்சிக்குத் தெரியும். வாய்க்கால் எங்கே திரும்புகிறது, பிள்ளைகள் எந்தப் படித்துறையில் குளிக்கிறார்கள், எந்தச் சுவரை ஒட்டி ஆடு மேய்கிறது, பாடை எந்த வழியாகப் போகிறது என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். மின்சாரம் எங்கள் வேலை இல்லை என்று ஊராட்சி சொல்வது சரியான பதிலாகாது. வேலி என்பது நிலமும் சுவரும் பாதையும் சேர்ந்த விஷயம். கட்டட அனுமதியும் தொழில் உரிமமும் கொடுக்கிற இடம், அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஓடுவதைக் கேட்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கக் கூடியவை என்று எழுதிய 29 பொருள்களில், கிராமப்புற மின்வசதியும் மின்விநியோகமும் 14ஆவதாக நிற்கின்றன.

உள்ளாட்சிதான் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு எங்கள் மண்ணும் ஒரு காரணம். எனர்ஜைசர் வேலை செய்ய வேண்டுமென்றால் எர்த் நன்றாக இருக்க வேண்டும். தொட்டவர் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்கிய துடிப்பு, எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் அடி விழும். டெல்டாவின் களிமண் மார்கழியில் சேறாக இருக்கும்போது எர்த் பிரமாதமாகப் பிடிக்கும். சித்திரை, வைகாசியில் அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். எர்த் ராடைச் சுற்றி மண் சுருங்கி விலகிவிடும், தடை ஏறிவிடும். வேலியைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. பெட்டி கெட்டுவிட்டது என்று உரிமையாளர் நினைப்பார். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வர ஜூன் 12 வரை, சில ஆண்டுகளில் அதற்கும் மேல், காத்திருக்க வேண்டும். கோடையில்தான் கிடங்கில் நெல் இருக்கும், திருட்டும் இருக்கும். அவசரத்தில் அவர் வயரை மெயினில் கொடுக்கிறார். நான் பார்த்த நேரடி இணைப்புகளில் பலவற்றுக்கு ஆரம்பம் இதுதான்: பணம் கொடுத்து வாங்கிய நல்ல பெட்டி ஒன்று, ஆழம் போதாமல் அடித்த எர்த் ராடு ஒன்று.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் ஏறிக் கம்பியைத் தொட்டால் துடிப்பெல்லாம் கொடி வழியாகக் கசிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மூடுவானத்தில் சோலார் தகடு பேட்டரியை நிரப்பாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் உப்புக்காற்று இன்சுலேட்டரில் படிந்து மின்சாரத்தைக் கசியவிடும், எர்த் ராடையும் அரித்துவிடும். ஆகவே ஆய்வு என்றால் புரட்டாசியில் ஒருமுறை, பங்குனி முடிவதற்குள் ஒருமுறை என்று இந்த ஊரின் பருவத்தைப் பார்த்து வைக்க வேண்டும். சென்னையிலோ டெல்லியிலோ எழுதும் விதியில் புரட்டாசி வராது.

வெள்ளத்தை நினைத்தால்தான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. கரைமேல் முழங்கால் தண்ணீர் ஓடும் இரவில், வழுக்கி விழாமல் நடக்கிறவர் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வார். அது கிடங்கின் கம்பியாக இருக்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சாய்ந்த லைன் ஏதாவது ஒரு சுற்றுவேலியின்மேல் விழுந்தால், மின்சாரம் திரும்பி வரும்போது அந்த மனையின் நான்கு பக்கமும் உயிர்கொல்லும் கம்பியாகிவிடும். வேலிக்குள் இருக்கும் பெட்டி எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. கஜாவுக்குப் பிறகு வேறு மாவட்டங்களிலிருந்து வந்து மாதக்கணக்கில் கம்பம் நட்ட மின்வாரியத் தொழிலாளர்களுக்கு எந்தக் கம்பி எதுவென்று சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லை. ஊராட்சியில் ஒரு பதிவேடு இருந்தால், புயல் எச்சரிக்கை வந்ததும் ஒவ்வொரு வேலியையும் மின்சாரத்திலிருந்து துண்டிக்கச் சொல்லலாம். உதவிப் பொறியாளரின் மேசையில் அதன் நகல் ஒன்று இருக்கலாம்.

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயர்மின்லைனில் உரசி 11 பேர் இறந்தார்கள். வேலிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் மனிதர் நடக்கிற இடமும் மின்சாரம் ஓடுகிற இடமும் சந்திக்கும் புள்ளியை முன்கூட்டியே ஒருவர் நடந்து பார்த்திருக்க வேண்டும் என்பதை அந்த விடியல் டெல்டா முழுவதற்கும் காட்டியது. எல்லா ஊரிலும் தேரோடும் வீதியை இப்போது பார்க்கிறார்கள். கிடங்கின் பின்சுவரை யாரும் பார்ப்பதில்லை.

எல்லா நாடுகளும் இப்படிக் கவனிக்காமல் விட்டிருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 2012 அக்டோபர் 1 முதல், புதிதாகப் போடும் மின்வேலிக்குத் தகுதிச் சான்று வேண்டும். அப்படி வேலியுள்ள சொத்து கைமாறும்போதும் அந்தச் சான்று தேவை. கலிபோர்னியாவின் குடிமைச் சட்டத்தில் 835ஆம் பிரிவு, குடியிருப்பு அல்லாத பகுதிகளில்தான் பாதுகாப்பு மின்வேலி போடலாம் என்கிறது. மேலே சொன்ன அதே பன்னாட்டுத் தரம், 30 அடிக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை. அந்தப் பிரிவு முதலில் வந்தபோது, உள்ளூர் அமைப்பு தடை செய்திருந்தால் போட முடியாது, உள்ளூரில் தனி விதி இருந்தால் அதன்படிதான் போட வேண்டும் என்று இருந்தது. புளோரிடா எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. வேலிக்கான நிபந்தனைகளை மாநிலமே எழுதிவைத்து, நகராட்சிகள் அதற்கு முரணான விதி போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. அங்கே நகராட்சிக்கு நகராட்சி விதி மாறுவது தொழிலுக்குத் தொல்லை என்பதுதான் வாதம். எனக்கு அந்த வாதம் ஓரளவு புரிகிறது. கருவியின் தரம் எல்லா ஊருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், அதில் ஊராட்சி கை வைக்கத் தேவையில்லை. எந்தச் சுவரில் போடலாம், எந்தக் கரையில் கூடாது, எப்போது வந்து பார்ப்பது என்பவை ஊரின் கையில் இருக்க வேண்டும்.

உரிமையாளர்களின் கஷ்டத்தைக் குறைத்துப் பேசுகிறவன் இல்லை நான். இறால் பண்ணையில் ஒரே இரவில் ஏரேட்டர் மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால், விடிவதற்குள் குளத்தில் ஆக்சிஜன் இறங்கி இறால் மிதக்கும். செப்புக் கம்பிக்காக மோட்டாரை உடைக்கிறார்கள். காவலுக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகிற சம்பளத்தில் கிடைப்பதில்லை. கடன் வாங்கிக் கிடங்கு கட்டியவர் தூக்கமில்லாமல் இருப்பதை நான் நேரில் பார்க்கிறேன். அவருக்கு வேலி வேண்டும். அதைச் சட்டப்படி, செய்யத் தெரிந்தவரைக் கொண்டு, யாருக்கும் மறைக்காமல் போட்டுக்கொள்ள அவருக்கு வழி வேண்டும். மறைக்காத வேலிதான் திருடனையும் தள்ளி நிறுத்தும். மஞ்சள் பலகையைப் பார்த்து அவன் போய்விடுவான். பலகை இல்லாத கம்பியில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் திருடர்கள் இல்லை.

நெல் வியாபாரியின் தராசில் முத்திரை இல்லையென்றால் நம் விவசாயி அதில் மூட்டையை ஏற்றமாட்டார். தராசு சரியா என்று அவரால் சோதிக்க முடியாது, முத்திரையைத்தான் பார்க்கிறார். மின்வேலிக்கும் அப்படி ஒரு முத்திரையைத்தான் கேட்கிறேன். சாதாரண டெஸ்டரை வைத்தோ மல்டிமீட்டரை வைத்தோ வேலியைச் சோதிக்க முடியாது, அதற்குத் தனி மீட்டர் வேண்டும். வழிப்போக்கரால் முடிந்தது ஒரு பலகையைப் பார்ப்பது மட்டும். ஊராட்சியின் எண் எழுதிய பலகை இருந்தால், அது பெட்டி வைத்த, பார்த்துச் சரி சொன்ன வேலி. எண் இல்லாமல் கம்பியில் மின்சாரம் இருந்தால் அது எதுவாக இருந்தாலும் குற்றம், உடனே துண்டிக்கலாம். யாரும் உள்ளே போய் ஆராய்ந்து நிரூபிக்க வேண்டியதில்லை.

பலகை எப்படி இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தரமே சொல்லியிருக்கிறது: மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, குறைந்தது 20 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம். பாதுகாப்பு வேலியென்றால் ஒவ்வொரு வாயிலிலும், இடையில் 10 மீட்டருக்கு ஒன்றும் வேண்டும். எழுத்தோடு படமும் கட்டாயம் வேண்டும் என்பேன். இப்போது எங்கள் வயல்களில் நாற்று நடுகிறவர்களிலும் ஆலைகளில் மூட்டை தூக்குகிறவர்களிலும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர். தமிழில் மட்டும் எழுதிய எச்சரிக்கை அவர்களைக் காப்பாற்றாது.

அதே தரத்தில் இருக்கும் இன்னொரு நிபந்தனையை எங்கள் பக்கம் யாருமே மதிப்பதில்லை. முள்கம்பியிலும் பிளேடு கம்பியிலும் மின்சாரம் விடவே கூடாது. அடிபட்டவர் விலக முடியாமல் முள்ளில் சிக்கிக்கொண்டால் அந்த ஒரு நொடி வீணாகிவிடும். டெல்டாவில் வேலி என்றாலே முள்கம்பிதான், ஏற்கெனவே இருக்கும் முள்கம்பியில் வயரைக் கொடுப்பதுதான் மலிவு. ஊராட்சி ஒரே ஒரு விதி மட்டும்தான் போட முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். அடுத்து, பொதுமக்கள் நடமாடும் பக்கத்தில் மின்கம்பிக்கு வெளியே 1.5 மீட்டர் உயரத்துக்காவது மின்சாரம் இல்லாத சுவரோ தடுப்போ இருக்க வேண்டும். வேலியின் எர்த், மின்வாரிய இணைப்பின் எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கம்பியின் உயரம், தூண்களின் இடைவெளி எல்லாம் போடுகிறவர் பார்த்துக்கொள்வார், அதற்கெல்லாம் ஊராட்சி மெனக்கெடத் தேவையில்லை.

யார் வந்து பார்ப்பது என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஊராட்சிச் செயலருக்கு ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லை. மின் ஆய்வுத் துறையில் ஊர் ஊராகப் போக ஆள் இல்லை. ஆனால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார்கள். புதிய மின் இணைப்புக்கு எங்கள் கையெழுத்தை மின்வாரியம் ஏற்கிறது. வேலிக்கும் அதே கையெழுத்தை ஊராட்சி ஏற்கலாம். கட்டணத்தை உரிமையாளர் கட்டட்டும். தொழில் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது இந்தச் சான்றையும் இணைக்கச் சொன்னால், தனியாக ஒரு அலுவலகமோ ஒரு பதவியோ தேவைப்படாது. பொய்ச் சான்று கொடுத்தவரின் உரிமத்தை ரத்து செய்யட்டும், எங்களில் யாரும் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டோம்.

இப்போது இருக்கும் வேலிகளுக்கு ஒரு பருவம் அவகாசம் கொடுக்கலாம். அறுவடை முடிந்து நெல் கிடங்குக்கு வருவதற்குள் மாற்றிக்கொள்ளட்டும். மெயினில் நேராக இணைத்திருப்பதற்கு மட்டும் ஒரு நாள்கூடக் கொடுக்கக் கூடாது.

கிராமசபைக்கு ஒரு தீர்மான வரைவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆண்டுக்கு 6 கிராமசபைகள் உண்டு. எந்த ஊரிலும், எந்தக் கூட்டத்திலும் யார் வேண்டுமானாலும் எழுந்து இதைக் கேட்கலாம். எங்கள் ஊராட்சியின் எல்லைக்குள் இருக்கும் வணிக மின்வேலிகளைக் கணக்கெடுத்து அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பது தீர்மானத்தின் முதல் வரி. கணக்கு வந்தால் மற்றதைப் பேசலாம். வரைவைப் படித்த கிடங்கு உரிமையாளர்கள் சிலர் என்னை அழைத்தார்கள். எந்தப் பெட்டி வாங்குவது, எர்த் ராடு எத்தனை அடி ஆழம் போக வேண்டும், பழைய முள்கம்பியை என்ன செய்வது என்று கேட்டார்கள். கோடையிலும் ஈரம் இருக்கும் ஆழம்வரை ராடை இறக்கச் சொன்னேன். முள்கம்பியை அப்படியே வெளிவேலியாக விட்டு, உள்ளே தனித் தூணில் வழுவழுப்பான கம்பி இழுக்கச் சொன்னேன்.